வன்னிக்குக் குடிவருகிறவர்களுக்கு: பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

இடமாற்றம் கிடைத்து வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ வரும் அரச ஊழியர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள், வெளிநாட்டிலிருந்து வந்து தகப்பன் காணியில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: அரச பாடசாலையா, தனியாரா? கொழும்பிலோ சென்னையிலோ இது சரியான கேள்வி. வன்னியில் இதை இப்படியே கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அரச பள்ளிக்கூடம்தான். எந்த அரச பாடசாலை, அங்கே ஆசிரியர் நிற்கிறாரா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளை கடைசியில் எந்தப் பரீட்சை எழுதப்போகிறது என்பவைதான் விஷயத்தைத் தீர்மானிக்கின்றன.

தனியார் என்று இங்கே எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1960, 61ஆம் ஆண்டுகளில் சமய அமைப்புகள் அரச உதவியோடு நடத்திய பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது சில பெரிய கல்லூரிகள் கையளிக்காமல் தனியாகவே நின்றுகொண்டன. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான், சுண்டுக்குளி மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் எல்லாம் அந்த வகை. கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் படிப்பிப்பது அரச பாடத்திட்டம், அனுப்புவது அரச பரீட்சைக்கு. வன்னியில் ஆட்கள் தனியார் என்று சொன்னால் பெரும்பாலும் வேறு மூன்றில் ஒன்று: முன்பள்ளி, ரியூசன், அல்லது ரவுணில் இருக்கிற, ஆங்கிலத்தில் லண்டன் பாடத்திட்டம் படிப்பிக்கிற சர்வதேசப் பாடசாலை. பெயரில் புனிதர் இருந்தால் தனியார் என்று நினைத்துவிட வேண்டாம். கிளிநொச்சி புனித திரேசா மகளிர் கல்லூரியும் மன்னார் புனித சவேரியார் கல்லூரியும் அரச பாடசாலைகள்தான்.

முதல் வேலை: எந்தப் பரீட்சை?

பள்ளிக்கூடம் பார்க்கப் புறப்படுமுன் புருசனும் பெண்சாதியும் வீட்டில் இருந்து கதைத்து முடிக்க வேண்டியது இது. பிள்ளை பதினெட்டு, பத்தொன்பது வயதில் எழுதப்போவது இலங்கையின் க.பொ.த. உயர்தரமா (உள்ளூர் ஏ.எல்.), லண்டன் ஏ.எல்.லா? அரச பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் உள்ளூர் ஏ.எல். எழுதியே ஆகவேண்டும். அனுமதி வழங்குகிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தக் கணக்கிடுகிற இசட் புள்ளியை, அந்த இசட் புள்ளி வருவது உள்ளூர் ஏ.எல்.லிலிருந்து. கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் என்கிற அந்த லண்டன் பரீட்சைகளில் பிள்ளை எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்திருந்தாலும் இந்த வரிசையில் அதைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கான இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்குமே அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, இங்கே ஒழுங்கான ஒரு அரச பாடசாலையில் ஊன்றிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, மாதம் மாதம் கட்டணம் கட்டி லண்டன் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. இதை விளங்காமல், ஆங்கிலம் வருமே என்ற ஒரே யோசனையில் பிள்ளையை ஒன்பதாம் தரம் வரை சர்வதேசப் பாடசாலையில் விட்டுவிட்டு, பிறகு பதினோராம் தரத்தில் எழுதுகிற உள்ளூர் ஓ.எல்.லுக்கு (சாதாரண தரம்) மாற்ற ஓடித்திரிகிற பெற்றோர் இருக்கிறார்கள். தமிழில் விஞ்ஞானமும் வரலாறும் படித்தறியாத பிள்ளை இரண்டு வருடத்தில் அந்தப் பாடங்களைத் தமிழில் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

பிள்ளையின் மாவட்டத்தைக் கணக்கெடுப்பது அப்பா அம்மா பிறந்த ஊரை வைத்து அல்ல, ஏ.எல்.லுக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலையை வைத்து. ஓ.எல். முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் பிள்ளை போட்டியிடப்போவதும் அங்கத்தைய வெட்டுப்புள்ளியோடு, அதாவது அந்த மாவட்டத்தில் அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியோடு. மறுவளமாக, மாவட்டக் கோட்டாவைப் பிடிக்கலாம் என்று கடைசி நேரத்தில் வெளிமாவட்டத்திலிருந்து வன்னிப் பாடசாலை ஒன்றில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு ரியூசனுக்குக் கொழும்பில் நிற்கிற வேலையும் நடக்கிறது. பிடிபட்டால் பிள்ளையின் அனுமதியே போய்விடும், பிடிபடாவிட்டால் இங்கத்தைப் பிள்ளை ஒன்றின் இடம் போய்விடும். இரண்டுமே வேண்டாத வேலை.

சர்வதேசப் பாடசாலை யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், இரண்டு மூன்று வருடத்தில் நிச்சயமாக வெளிநாடு போகிற குடும்பம், வெளிநாட்டில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு இடையில் வந்த பெரிய பிள்ளை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்ட வசதியுள்ள வீடு என்று சொல்வேன். "நிச்சயமாக" என்றால் விசா கையில் இருக்க வேண்டும். ஸ்பொன்சர் போட்டிருக்கிறோம், அண்ணா கூப்பிடுவார் என்கிற கதையை நம்பி ஆறு வயதுப் பிள்ளையின் பாடத்திட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்து: அரச பாடசாலைகளுக்குள்ளே இருக்கிற வித்தியாசம்

பெயர்ப்பலகையில் கல்லூரி, மகா வித்தியாலயம், வித்தியாலயம் என்று எதுவும் எழுதியிருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது பாடசாலையின் வகை. 1ஏபி என்றால் ஏ.எல்.லில் விஞ்ஞானம், கணிதம் வரை இருக்கிறது. 1சி என்றால் ஏ.எல். இருக்கும், ஆனால் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 என்றால் பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். வகை 3 சின்னப் பாடசாலை, பெரும்பாலும் ஐந்தாம் தரம் வரை. 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவும் எல்லா இடத்திலும் இல்லை. வன்னியில் 1ஏபி பாடசாலைகள் அநேகமாக ரவுண்களையும் பெரிய சந்திகளையும் அண்டித்தான் இருக்கின்றன, ஆகவே உங்கள் வீட்டிலிருந்து மிகக் கிட்டிய 1ஏபி எது, அதற்கு பஸ் எத்தனை மணிக்கு என்பதை வீடு வாடகைக்கு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பிரிப்பு தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை. வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம் போன்ற தேசியப் பாடசாலைகள் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன, மற்றவை வட மாகாணக் கல்வி அமைச்சின் கீழ். உங்களுக்கு இதில் உள்ள நடைமுறை வித்தியாசம், எங்கே போய் முறையிடுவது, இடைத்தரத்தில் சேர்க்க யாரிடம் அனுமதி கேட்பது என்பதில்தான் தெரியும். மாகாணப் பாடசாலை என்றால் அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் போதும். வவுனியாவில் தெற்கு, வடக்கு என்று இரண்டு வலயம், முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய், முல்லைத்தீவு, மன்னாரில் மடு, மன்னார். உங்கள் கிராமம் எதில் அடங்குகிறது என்று விதானையாரை (கிராம அலுவலரை) கேட்டால் சொல்லிவிடுவார். தேசியப் பாடசாலை என்றால் படிப்பு நன்றாக இருக்கும், மாகாணப் பாடசாலை என்றால் குறைவு என்கிற நினைப்பு ஆட்களிடம் ஊறிப்போய்க் கிடக்கிறது. ஏ.எல்.லுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கலாம், முதலாம் தரத்துக்கு இல்லை.

நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் சாதாரண நாளில்

வன்னிப் பாடசாலைகளின் பெரிய பிரச்சினை கட்டடம் இல்லை. போருக்குப் பிறகு எழும்பிய மாடிக் கட்டடங்கள் பல இடங்களில் இருக்கின்றன. பிரச்சினை ஆசிரியர். பல பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுக்கப்பட்டவை, அங்கே குறித்த காலம் சேவை செய்தால்தான் சொந்த ஊருக்கு இடமாற்றம் என்பதால் வெளியிலிருந்து வருகிற ஆசிரியர்கள் காலம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, விடிய நாலரைக்கு எழும்பி பஸ் ஏறி ஏ9 வீதியில் வந்து, இறங்கி, இன்னும் பத்து மைல் உள்ளே போய்ப் படிப்பித்துவிட்டு பொழுதுபட வீடு திரும்புகிறவர் எத்தனை வருடம் அப்படி ஓடுவார்? ஆனால் உங்கள் பிள்ளையின் கணித ஆசிரியர் இரண்டாம் தவணையில் மாறிப்போய், பதிலுக்கு ஆள் வராமல் மூன்றாம் தவணையும் முடிந்தால் அது உங்கள் பிரச்சினை.

ஆகவே அதிபரிடம் "பாடசாலை எப்படி?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லா அதிபரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் இப்போது யார் படிப்பிக்கிறார், அந்தப் பாடத்துக்கே நியமனம் பெற்றவரா, எந்த ஊரிலிருந்து வருகிறார், வந்து எத்தனை வருடம் என்று கேளுங்கள். கடந்த ஓ.எல்.லில் எத்தனை பேர் தோற்றினார்கள், கணிதத்தில் எத்தனை பேர் சித்தி என்றும் கேட்கலாம். ஒன்பது ஏ எடுத்த ஒரு பிள்ளையின் படம் வாசலில் பனரில் தொங்கும், அது அந்தப் பிள்ளையின் கெட்டித்தனம், நீங்கள் தேடுவது நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பாடசாலை என்ன செய்தது என்பதை. அப்புறம் வாசலில் உள்ள கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். அது பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

இந்தக் கேள்விகள் சர்வதேசப் பாடசாலைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவை பெரும்பாலும் கம்பனியாகப் பதியப்பட்டவை, கல்வி அமைச்சின் மேற்பார்வையில் வருவதில்லை. ஆசிரியரின் தகைமையை உங்களுக்காக வேறு யாரும் பார்த்துவைத்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் படிப்பிக்கிறவர் ஆங்கிலத்தில் சரளமாகக் கதைக்கிறாரா என்று ஐந்து நிமிடம் பேசினாலே தெரியும். எந்தப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள், பரீட்சை நிலையம் எங்கே, கடைசியாக எத்தனை பிள்ளைகள் அந்தப் பரீட்சை எழுதினார்கள் என்று கேளுங்கள். எட்டாம் தரம் வரைதான் வகுப்பு இருக்கிறது, மேலே "வரும்" என்று சொன்னால், வந்த பிறகு யோசிக்கலாம்.

சின்னப் பாடசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னியின் உட்கிராமங்களில் முழுப் பாடசாலைக்கும் ஐம்பது, அறுபது பிள்ளைகள் உள்ள ஆரம்பப் பாடசாலைகள் இருக்கின்றன, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களின் கிராமங்களிலும் இப்படியானவை உண்டு. ஊரில் வசதியுள்ளவர்கள் இவற்றைத் தாண்டி பிள்ளையை ரவுணுக்கு ஏற்றுகிறார்கள். என் அபிப்பிராயம், முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை, நல்ல ஒரு ரீச்சர் அங்கே நிலையாக இருந்தால், அதைவிட நல்ல இடம் கிடையாது. வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், நடந்துபோகிற தூரம், பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு. ஆறு வயதுப் பிள்ளையை விடிய ஆறு மணிக்கு வானில் அடைத்து ரவுணுக்கு அனுப்பி, மாரியில் மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறபோது வான் வருமா வராதா என்று வாசலில் நிற்பது தேவையா? ஆனைப் பயமுள்ள பாதைகளில் விடியப்புறத்திலும் பொழுதுபட்ட பிறகும் பிள்ளையை அனுப்புவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசுக் கணக்கு

அரச பாடசாலை இலவசம் என்பது உண்மை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் புத்தகம், 1993இலிருந்து சீருடை. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் காசு, விளையாட்டுப் போட்டிக்கு இல்ல ரீசேட், கொப்பி, சப்பாத்து என்று போய்க்கொண்டுதான் இருக்கும். அனுமதிக்காக யாராவது காசு கேட்டால் அது சட்டப்படி இல்லை, கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு தரமாட்டோம் என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

உண்மையான செலவு ரியூசன். அரச பாடசாலைப் பிள்ளைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் காலத்திலிருந்து அது தொடங்கிவிடுகிறது, ஏ.எல். பயோ, மெத்ஸ் என்றால் பாடத்துக்கு ஒரு சேர், றிவிசனுக்கு இன்னொரு சேர். தனியார் கல்வி என்று வன்னியில் ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான், இதற்கு நீங்கள் செலவழிக்கப்போகிற காசையும் சேர்த்துத்தான் அரச பாடசாலையின் செலவைக் கணக்கிட வேண்டும். பாடசாலையில் ஒரு பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இருந்தால் அந்தப் பாடத்துக்கு ரியூசன் வேண்டாம் என்று சொல்கிற துணிவும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காக அனுப்புவதுதான் எங்கள் பெரிய வியாதி.

சர்வதேசப் பாடசாலையில் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சேர்க்கும்போது வாங்குகிற, திரும்பத் தராத தொகை எவ்வளவு, புத்தகம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை வீதம் கட்டணம் கூடும், கடைசியில் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது ரூபாவில் சம்பளம் எடுக்கிற வீடுகள் பரீட்சைக் கட்டணத்துக்கே திண்டாடின. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்புவார் என்றால் தம்பியிடம் பதின்மூன்று வருடக் கணக்கைச் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பத்திரங்களும் அனுமதியும்

முதலாம் தரத்துக்கு, பிள்ளைக்கு அந்த வருடம் ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருட நடுப்பகுதியிலேயே கோரப்படும், சுற்றறிக்கை பத்திரிகையில் வரும், முன்பள்ளி ரீச்சர்மாருக்கும் தெரியும். ஆட்கள் அடிபடுகிற ரவுண் பாடசாலைகளில் இடங்கள் இப்படிப் பிரிக்கப்படுகின்றன: கிட்ட வசிப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கனவே படிக்கிற பிள்ளையின் சகோதரர்களுக்கு 15, கல்வித்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வந்த அரச ஊழியர்களுக்கு 4, வெளிநாட்டில் இருந்து பிள்ளையோடு திரும்பியவர்களுக்கு 1. புதிதாக வருகிற நீங்கள் கடைசி இரண்டில் ஒன்றுக்குள் வருகிறீர்களா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் வசிப்பிட வகையில் வாக்காளர் இடாப்பில் கடந்த ஐந்து வருடப் பதிவுக்குப் புள்ளி இருக்கிறது, நேற்று வந்தவருக்கு அது கிடைக்காது. உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் நடுவில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டுவார்கள்.

காணிப் பத்திரம் இங்கே தனிக்கதை. வன்னியில் பலரிடம் காணி உறுதி இல்லை, அரச காணிக்கான பெர்மிட்தான், அதுவும் பல பேருக்கு இடப்பெயர்வில் தொலைந்து போனது அல்லது இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போய் பிரதி எடுக்கிற வேலையை விண்ணப்பக் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பிறப்புப் பதிவு அழிந்துபோன அல்லது பதியப்படாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை என்றால் அங்கிருந்து புறப்படுமுன்பே சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பையும் குடியுரிமையையும் பதிந்துகொண்டு வாருங்கள், அங்கத்தைய பள்ளிக்கூட டி.சி.யையும் மார்க் சீட்டையும் கவனமாக வைத்திருங்கள். இங்கே வந்தபிறகு இவற்றுக்கு அலைவது பெரும் பாடு.

இவ்வளவும் ரவுண் பாடசாலைக்கு. கிராமப் பாடசாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அதிபர் கதிரை போட்டு இருத்துவார், அங்கே பிள்ளை தேவை.

வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு

தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழ் பிரச்சினையில்லை, ஆனால் சிங்களம் புதிது, இலங்கை வரலாறு புதிது, சமயம் பரீட்சைப் பாடமாக இருப்பதும் புதிது. ஓ.எல்.லில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், அதோடு தெரிவுப் பாடம் மூன்று. எட்டாம் தரத்துக்குக் கீழே வந்தால் சமாளித்துவிடும். கனடா, லண்டனிலிருந்து வருகிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழே தடை. பத்து வயதுக்குக் கீழே என்றால் அரச பாடசாலையில் போட்டு ஒரு வருடம் பொறுத்திருங்கள், விளையாட்டுத் திடலிலேயே பாதித் தமிழ் வந்துவிடும். அதற்கு மேலே என்றால் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பிக்கிற இருமொழிக் கல்வி வகுப்பு ஏதாவது பெரிய அரச பாடசாலையில் இருக்கிறதா என்று வலயத்தில் விசாரியுங்கள். ஆங்கிலத்துக்காகச் சர்வதேசப் பாடசாலை என்று ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான், அநேகம் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாற்றுவதென்றால் எப்போது

சேர்த்த இடம் சரிவரவில்லை என்றால் மாற்றலாம், குற்றமில்லை. வசதியான இடம் ஆறாம் தரம், புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை எடுத்தால் பெரிய பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம், எடுக்காவிட்டாலும் ஆரம்பப் பாடசாலையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் தரத்தில் இடம் கிடைப்பது லேசு. அடுத்தது ஓ.எல். முடிந்த பிறகு, எந்தப் பிரிவு படிக்கப்போகிறது என்பது தெரிந்தபின். பத்தாம், பதினோராம் தரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், தெரிவுப் பாடங்கள் பத்தில் தொடங்கிவிடுகின்றன. கட்டாயம் மாறித்தான் ஆகவேண்டும் என்றால், பிள்ளை படிக்கிற மூன்று தெரிவுப் பாடங்களுக்கும் புதிய பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுங்கள்.